நண்பர் கொடுத்த அரியணை: சுகோத்தாயின் முதல் மன்னர்

[திரையில்: தாய்லாந்து வரைபடம், பாங்காக்கிலிருந்து வடக்கே நகர்ந்து சுகோத்தாயில் நிற்கிறது]

வணக்கம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இன்றைய கம்போடியாவில் இருக்கும் அங்கோரிலிருந்து ஆண்ட கெமர் மன்னர்களின் செல்வாக்கு இந்தச் சுகோத்தாய் வரைக்கும் பரவியிருந்தது. ஊரை ஆண்ட சி நாவ் நாம் தும் இறந்ததும், கோம் சபாத் குலோன் லாம்போங் என்பவர் அதைப் பிடித்துக்கொண்டார். கெமர் தரப்பு அதிகாரி என்றே இவரைப் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

எதிர்த்துக் கிளம்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர், இறந்த மன்னரின் மகனும் ராட் என்ற ஊரின் தலைவருமான பா முவாங். மற்றவர் அவருடைய நண்பர், பாங் யாங் ஊரின் தலைவர் பாங் கிளாங் ஹாவ். இருவரும் சேர்ந்து ஜெயித்தார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு 1238.

[திரையில்: சுகோத்தாய் மதிலும் வாசலும், ஓவியம்]

இதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். சுகோத்தாய் பா முவாங் கையில் இருந்தது. அவருடைய அப்பா ஆண்ட ஊர். நண்பர் மேலிருந்த மரியாதையால் பாங் கிளாங் ஹாவ் உள்ளே நுழையவே தயங்கினார். உடனே பா முவாங் தன் படையை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். நண்பரை உள்ளே அனுப்பி, அவருக்கே முடிசூட்டினார். கெமர் மன்னர் தன் மகளைக் கட்டிக்கொடுத்தபோது பா முவாங்குக்கு ஒரு பட்டப்பெயரும் தந்திருந்தார். அதையும் நண்பருக்கே கொடுத்துவிட்டார். சி இந்திராதித் என்று நாம் இன்று சொல்லும் பெயர் அப்படி வந்ததுதான்.

கெமர் மன்னரின் மருமகனை ஊர் ஏற்காது என்று கணக்குப் போட்டிருப்பார் என்பவர்களும் உண்டு. கணக்காகவே இருக்கட்டும். வென்ற ஊரையும் சொந்தப் பட்டத்தையும் ஒரே நாளில் விட்டுக்கொடுக்கப் பெரிய மனசு வேண்டும்.

[திரையில்: யானைப் போர், ஓவியம்]

சி இந்திராதித் ஆட்சியில் சோட் ஊரின் தலைவர் குன் சாம் சோன், தாக் நகரத்தின் மேல் படையெடுத்தார். மன்னரின் வீரர்கள் சிதறி ஓட, 19 வயது மகன் யானையை முன்னால் செலுத்தி எதிரியின் யானையைத் தோற்கடித்தான். அப்பா அவனுக்கு ராம்காம்ஹேங் என்று பெயர் வைத்தார். அண்ணன் பான் முவாங்குக்குப் பிறகு அரியணை ஏறியவர் இவர்தான்.

1292ஆம் ஆண்டுக்கு உரியதாகச் சொல்லப்படும் ராம்காம்ஹேங் கல்வெட்டு அப்பாவையும் அம்மா நாங் சுவாங்கையும் பேசுகிறது. பா முவாங் பெயர் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை. அவர் செய்ததைச் சொல்வது வாட் சி சும் கோயிலில் கிடைத்த இரண்டாம் கல்வெட்டு. அது யாரைப் பற்றியது தெரியுமா? பா முவாங்குக்குப் பேரன் முறையாகும் சி சத்தா, இலங்கை வரை போய்வந்த புத்த பிக்கு.