அணில் ஆடும் முன்றில்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

ஒரு கவிஞனுக்கு விருப்பமானவை எவை, அவனுடைய எழுத்து நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பிடித்த நிறம், பிடித்த பருவம் என்று கேட்டால் உடனே சொல்லிவிடலாம். பிடித்த கவிஞர் யார் என்று கேட்டால் மட்டும் நான் சற்றுத் தயங்குவேன். நான் மிகவும் நேசிக்கும் கவிஞர்களின் இயற்பெயர் எனக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரியாது.

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் உள்ளன. அவற்றுள் சில பாடல்களைப் பாடியவர் பெயர் காலத்தில் மறைந்துபோனது. அப்பாடல்களைப் பேணியவர்கள், ஒவ்வொரு பாடலிலும் நெஞ்சில் நிலைத்துவிட்ட ஒரு தொடரை எடுத்து, அதையே பாடியவருக்குப் பெயராக வழங்கினார்கள். செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் பாடியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். பாறையில் மோதிக் கரையும் நுரையைப் பாடியவர் கல்பொரு சிறுநுரையார் ஆனார். குப்பைமேட்டில் விலக்கிவிட ஆளின்றித் தாமே போரிட்டு ஓயும் கோழிகளைத் தன் நோய்க்கு உவமை சொன்னவர் குப்பைக்கோழியார் ஆனார். ஊர், குடி, தொழில் என்று மனிதனை அடையாளம் காட்டும் எல்லாம் போன பிறகும், தான் கண்ட ஒரு காட்சியால் ஒருவர் இன்றுவரை அறியப்படுகிறார். இதைவிடப் பெரிய மதிப்பு ஒரு கவிஞனுக்குக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இவர்களுள் எனக்கு மிக நெருக்கமானவர் அணிலாடு முன்றிலார். அவருடையது 41ஆம் பாடல், ஆறே அடிகள். காதலர் அருகில் இருக்கும்போது விழாக் கொண்டாடும் ஊரைப்போல மகிழ்வேன் என்கிறாள் தலைவி. அவர் பிரிந்த நாளிலோ, பாலை வழியை ஒட்டிய சிற்றூரில் மக்கள் விட்டுச்சென்ற வீட்டைப்போலப் பொலிவற்று வருந்துவேன் என்கிறாள். அந்த வீட்டை அவள் காட்டும் தொடர்தான் ‘மக்கள் போகிய அணிலாடு முன்றில்’. ஆள் நடமாட்டம் இருந்தால் அணில் மரத்தை விட்டு இறங்கி முற்றத்தில் ஆடாது. அது அச்சமின்றி ஆடுகிறது என்றாலே அங்கு யாரும் இல்லை என்று பொருள். இங்கே துயரப்படுவது தலைவி மட்டுமே. அணில் மகிழ்ச்சியாக விளையாடிக்கொண்டிருக்கிறது. அந்த விளையாட்டை நாம் பார்க்கப் பார்க்க வீட்டின் வெறுமை வளர்கிறது.

வானொலியில் பேசுவதால் ஓசையைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இப்பாடல் அமைந்த நேரிசை ஆசிரியப்பா என்ற பா வகையில் ஈற்றுக்கு முந்தைய அடி மூன்று சீர்களோடு நின்றுவிடும். மற்ற அடிகளுக்கு நான்கு சீர். இங்கே அப்படிக் குறைந்து நிற்கும் அடி, பொலிவற்று என்று பொருள்படும் ‘புல்லென்று’ என்ற சொல்லில்தான் முடிகிறது. வாய்விட்டுப் படிக்கும்போது, நாலாவது சீரை எதிர்பார்த்த நாக்கு அங்கே காலியிடத்தில் கால் வைத்தாற்போல ஒரு கணம் தடுமாறும். வீட்டின் வெறுமை பொருளில் மட்டுமல்லாமல் ஓசையிலும் ஏறிவிடுகிறது. இலக்கணம் கவிதையைக் கட்டிப்போடுகிறது என்று யாராவது சொன்னால், நான் பதில் சொல்வதற்கு மாறாக இந்த ஆறு அடிகளைப் படித்துக்காட்டுவேன்.

என் எழுத்து நாளும் இந்தப் பாடல்களோடுதான் தொடங்குகிறது. விடியுமுன் எழுந்துவிடுவேன். செய்தித்தாளையோ கைப்பேசியையோ தொடுவதற்கு முன்னால் ஒரு பழம்பாடலை இரண்டு முறை வாய்விட்டுப் படிப்பேன். முதல் முறை பொருளுக்காக, இரண்டாம் முறை மூச்சுக்காக. பிறகு ஒரு பக்கம் அச்சிட்ட தாள்களின் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவேன். புதுத்தாளில் எழுதினால் நன்றாக எழுத வேண்டும் என்ற அச்சம் கையைப் பிடித்துக்கொள்கிறது. பயன்படுத்திய தாளில் அந்த அச்சம் இல்லை. அலுவலகத்துக்குக் கிளம்பும்வரை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பல நாட்களில் அந்நேரம் முழுவதும் அடித்தலும் திருத்தலுமாகவே போய்விடும். அதை வீணான நேரமாக நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

ஒரு கவிதை எப்படி உருவானது என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். என் தந்தை மறைந்த சில மாதங்களுக்குப் பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பற்றி எழுதத் தொடங்கினேன். முதலில் வந்த வரிகள் இவை:

அப்பா இல்லாத வீட்டில்
அவர் கண்ணாடி
தனியாக அழுகிறது.

எழுதியபோது என் கண்கள் கலங்கியது உண்மை. ஆனால் மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோது, அழுதவன் நான், பழியைக் கண்ணாடியின்மேல் போட்டிருக்கிறேன் என்று புரிந்தது. அணிலாடு முன்றிலார் தம் அணிலை அழவிடவில்லையே என்ற நினைவு வந்தது. அலமாரியைத் திறந்து கண்ணாடியைக் கையில் எடுத்தேன். சட்டத்தின் ஒரு காதில் அவர் சுற்றியிருந்த நூல் அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது இடப்பக்க வில்லையில் ஒரு பெருவிரல் ரேகை தெரிந்தது. அடுத்த பதினொரு நாட்களில் நான் செய்ததெல்லாம், பார்த்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கியதுதான்.

துடைக்க எடுத்தேன்.
இடது வில்லையில்
அப்பாவின் கைரேகை.
வைத்துவிட்டேன்.

இப்படி நான்கு வரிகளாக ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சில் கடைசி வரி விடுபட்டிருந்தது. பதினொரு நாள் உழைப்பில் கால்பங்கைக் காணவில்லை என்ற கோபத்தில், ஆசிரியருக்கு ஒரு கடிதத்தையே எழுதிவிட்டேன். அனுப்புவதற்குமுன் எதற்கும் ஒருமுறை என்று அச்சிட்ட மூன்று வரிகளையும் வாய்விட்டுப் படித்தேன். ‘கைரேகை’ என்ற சொல்லோடு குரல் நின்றது. துடைத்தேனா, இல்லையா என்று கவிதை சொல்லவில்லை. துடைக்கும் துணி இப்போது படிப்பவர் கையில் இருந்தது. கடிதத்தை அனுப்பவில்லை. பின்னர் தொகுப்பில் சேர்த்தபோதும் மூன்று வரிகளாகவே வைத்தேன். அன்று முதல், முடிந்துவிட்டதாகத் தோன்றும் ஒவ்வொரு கவிதையையும் கடைசி வரியை விரலால் மறைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பாதிக் கவிதைகளில் விரலை எடுக்கத் தேவை வருவதில்லை.

பகலில் நான் எழுதுவதில்லை. காதில் விழும் சொற்களைச் சட்டைப்பையில் இருக்கும் சிறு குறிப்பேட்டில் குறித்துக்கொள்வதோடு சரி. பேச்சுத்தமிழின் வினைச்சொற்கள்மீது எனக்குத் தீராத ஆசை உண்டு. நீர் சொட்டுகிறது, கசிகிறது, ஒழுகுகிறது, வடிகிறது, ஊறுகிறது என்று நாம் சாதாரணமாகப் பேசிக்கொண்டே போகிறோம். ஒவ்வொன்றும் நீரின் வேறொரு நடை. பெயரடைகளைக் குவிக்கத் தோன்றும்போதெல்லாம், சரியான வினைச்சொல் இன்னும் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இரவில் அந்தக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிவிட்டுப் படுத்தால், மறுநாள் காலையில் உட்கார்ந்தவுடன் கைக்கு ஏதாவது அகப்படும்.

இப்போது என் மேசையில் ஐந்து வரிக் கவிதை ஒன்று இரண்டு வாரமாகக் கிடக்கிறது. மாலையில் விளக்கேற்றாமல் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் புத்தகத்திலிருந்து வெளிச்சம் போவதைப் பற்றியது. ‘மங்குகிறது’ என்று எழுதினேன். அது வெளிச்சத்தைப் பற்றி மட்டுமே பேசியது. ‘மறைகிறது’ என்று மாற்றினேன். அதில் அவசரம் இருந்தது. நேற்று அந்த இடத்தில் ‘வடிகிறது’ என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரத்துக்கு, வரி வரியாக, வெளிச்சம் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அச்சொல்லுக்கு அடுத்த வரி இன்னும் இசையவில்லை. நாளைக் காலையில் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும்.

வணக்கம்.