பக்கத்து இடத்திலிருந்து எழுந்தவர்

(கிளிநொச்சியில் வயலின் பழகும் மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியர்களே, பெற்றோரே, என் அன்புப் பிள்ளைகளே, வணக்கம்.

வயலின் பழகுகிற பிள்ளையைக் கண்டால் எங்கட சனம் கேட்கிற முதல் கேள்வி, "ஆருக்குப் பக்கவாத்தியம்?" அந்தப் பக்கத்து இடத்தில் எவ்வளவு கற்கலாம் என்று காட்டத்தான் ஆங்கிலேய இசைக்கலைஞர் நெவில் மரினரைப் பற்றி இன்று பேச வந்தேன்.

1924இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தவர். தகப்பன் தச்சுத் தொழிலாளி. பிள்ளைக்கு முதலில் வயலின் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். இரண்டாம் உலகப் போரில் படைக்குப் போய், ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நாள்களில் தேர்ஸ்டன் டார்ட் என்ற இசை அறிஞரின் நட்புக் கிடைத்தது. போருக்குப் பின் இருவரும் சேர்ந்து பழங்காலத்து இசையை வாசித்தார்கள். போர் என்ன செய்யும் என்று இந்த மண்ணுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இடப்பெயர்வில் வாத்தியத்தைக் கைவிட்டு வந்து, திரும்ப சரளி வரிசையில் தொடங்கியவர்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள்.

பின்னர் லண்டன் சிம்பொனி இசைக்குழுவில் இரண்டாம் வயலின் பிரிவுக்குத் தலைவரானார். முதலாம் வயலின்கள் பெரும்பாலும் மெட்டைக் கொண்டுபோகும். இரண்டாம் வயலின்கள் அதற்கு உள்ளே இழைகிற குரல். சபைக்கு அது தனியாகக் கேட்பது அரிது. அங்கே இருவருக்கு ஒரு தாள்தாங்கி. உட்புறம் இருப்பவர் வாசிப்பை ஒரு கணம் விட்டுப் பக்கத்தைப் புரட்டுவார், மற்றவர் விடாமல் வாசிப்பார். எல்லாருடைய வில்லும் ஒரே திசையில் போகவேண்டும். ஒருவர் வில்லு ஏற, அடுத்தவர் வில்லு இறங்கினால் அழுத்தம் இடம்மாறி ஒலி கலைந்துவிடும். அதற்காகவே எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று தாளில் பென்சிலால் குறித்துவைப்பார்கள். ஆண்டுக்கணக்காக இப்படி மற்றவர்களைக் கேட்டுக்கேட்டு வாசித்தவருக்கு முழுக்குழுவும் காதில் நிற்காதா?

நண்பர்களோடு அவர் தொடங்கிய சிறு குழு 1959 நவம்பர் 13 அன்று, லண்டன் டிரபல்கர் சதுக்கத்தருகே உள்ள செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் முதற் கச்சேரி செய்தது. முன்னே நின்று கோலசைத்து நடத்தும் நெறியாளர் இல்லை, வயலினை வாசித்தபடியே மரினர் வழிநடத்தினார். குழு பெருக, கையில் வில்லோடு அத்தனை பேரையும் சேர்த்துப்பிடிப்பது கடினமாயிற்று. அமெரிக்காவில் பியர் மொந்தே என்ற நெறியாளரிடம் நெறியாள்கை கற்று, மெல்ல வயலினை வைத்துவிட்டுக் கோலைக் கையில் எடுத்தார். 1979 முதல் 1986 வரை மினசோட்டா இசைக்குழுவை நடத்தினார். மொசார்ட்டைப் பற்றிய 'அமடேயஸ்' திரைப்படத்தில் ஒலிப்பதும் அவர் நடத்திய இசைதான். 2016இல், 92 வயதில் காலமானார்.

பிள்ளைகளே, தனிக்கச்சேரிக் கனவு நல்லது, வையுங்கள். ஆனால் இன்று பின்னேரம் ஐந்து பேராகச் சேர்ந்து உட்காருங்கள். மோகன வர்ணத்தின் பல்லவியை எடுத்து, வில்லு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று பென்சிலால் குறித்து, ஒன்றாக வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறொரு பிள்ளை வழிநடத்தட்டும். நான் பின்வரிசையில் இருந்து கேட்கிறேன்.