மனித மூக்கு அவ்வளவு மட்டமா?

அவையோருக்கு வணக்கம். விலங்குகளின் புலன்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வௌவாலின் காது, கழுகின் கண், தேனீக்குத் தெரிகிற புற ஊதா ஒளி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் இன்று மூக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் நம் மூக்கு. பாவம், அதற்குத்தான் கெட்ட பெயர் அதிகம்.

அந்தப் பெயர் வந்த கதை இது. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பால் புரோக்கா என்றொரு மருத்துவர். மூளையில் பேச்சுக்கான பகுதி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மனித மூளையின் முன்பகுதி பெரிதாக இருப்பதையும், வாசனையைக் கையாளும் முகர்குமிழ் அதற்கு முன் மிகச் சிறிதாகத் தெரிவதையும் பார்த்தார். மனிதனை 'முகராதவன்' என்று வகைப்படுத்திவிட்டார். யாருடைய மூக்கையும் சோதித்துச் சொன்னதல்ல! நூறு வருடத்துக்கு மேல் இதையே நம்பிவந்தோம். 2017-இல் ஜான் மெக்கான் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் இதைப் போட்டு உடைத்தார்.

சரி, சோதித்தால் என்ன ஆகிறது? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 32 பேருடைய கண்ணைக் கட்டி, காதையும் அடைத்து, புல்தரையில் மண்டியிடச் சொன்னார்கள். சாக்லேட் சாரத்தில் நனைத்த 10 மீட்டர் கயிறு புல்லில் கிடந்தது. அதை மூக்கால் தேடிப் பின்தொடர வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினர் தொடர்ந்து போனார்கள். பயிற்சி கொடுத்ததும் வேகம் கூடியது. ஒரு நாசியை அடைத்ததும் தடுமாறினார்கள். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

அதற்காக நாயோடு போட்டிக்குக் கிளம்பிவிடாதீர்கள். வாசனை உணரும் மரபணுக்கள் நமக்கு சுமார் 400, நாய்க்கு அதைப்போல் இரு மடங்கு. ஆப்பிரிக்க யானைக்கோ சுமார் 2,000! நாயின் மூக்கு அமைப்பும் தனி. விடும் மூச்சு பக்கவாட்டுப் பிளவு வழியாக வெளியேறுவதால், முகரும் பொருளின் வாசனை கலைவதில்லை. மூக்கின் பின்பக்கம் வாசனைக்கென்றே ஒதுங்கிய அறை ஒன்றும் உண்டு.

ஆனால் முதல் மழையில் எழும் மண்வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அதில் முக்கியமானது. தண்ணீரில் அது லட்சம் கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே நமக்குத் தெரிந்துவிடும். அப்புறம், வாயில் போட்ட உணவின் மணம் தொண்டை வழியாகவும் மூக்குக்கு ஏறுகிறது. ஜலதோஷம் பிடித்தால் ரசம் வெறும் புளிப்பும் உப்புமாகப் போவது இதனால்தான்.

ஒவ்வொரு வாசனையாக எடுத்து ஒப்பிட்டபோது, சிலவற்றில் நாயைவிட மனிதர்களே கூர்மையாக இருந்தார்கள். அவை பெரும்பாலும் பழங்களிலும் பூக்களிலும் உள்ள மணங்கள். நாய் கெட்டி எதில் என்றால், இரையின் உடம்பிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்களின் வாடையில். நம் முன்னோர் பழம் தேடி மரத்தில் அலைந்தவர்கள்தானே! இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.