அந்தத் துள்ளலுக்கு என்ன விலை? ஆப்பிள் – சாம்சங் பேட்டன்ட் சண்டை

[திரையில்: ஒரு கட்டைவிரல் காண்டாக்ட் லிஸ்ட்டைத் தள்ளிக்கிட்டே போகுது. கடைசிப் பேர் வந்ததும் லிஸ்ட் கொஞ்சம் கூட இழுபட்டு, விரலை எடுத்ததும் பழைய இடத்துல வந்து உக்காருது.]

பாத்தீங்களா? லிஸ்ட் முடிஞ்சு போச்சு. ஆனா திரை டக்குனு நிக்கல. ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி கொஞ்சம் வந்துட்டு, திரும்பப் போயிடுச்சு. இந்தத் துள்ளலுக்கும், இன்னும் கொஞ்சம் சமாச்சாரத்துக்கும் சேத்து ரெண்டு பெரிய கம்பெனிங்க ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாங்க.

அந்தத் துள்ளலோட விலை சியோல்ல ஒண்ணு, கலிஃபோர்னியால ஒண்ணு. கலிஃபோர்னியாலயே வருஷத்துக்கு வருஷம் வேற வேற. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நம்ம பேப்பர்ல காப்பிரைட்டுக்கும் காப்புரிமைன்னு போடறாங்க, பேட்டன்ட்டுக்கும் காப்புரிமைன்னே போடறாங்க. ரெண்டும் வேற வேற: காப்பிரைட் எழுத்து, பாட்டு மாதிரி படைப்புக்கு, பேட்டன்ட் கண்டுபிடிப்புக்கு. அதனால இந்த வீடியோ முழுக்க நான் பேட்டன்ட்னே சொல்லிடறேன்.

[திரையில்: 2007 ஜனவரி 9, சான் ஃபிரான்சிஸ்கோ]

ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில ஐபோனை அறிமுகப்படுத்தறார். விரலால திரையை இழுக்கறார், கூட்டம் கை தட்டுது. அப்பவே அவர் சொல்லிட்டார்: இதுக்கெல்லாம் 200க்கு மேல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாச்சுன்னு. கேட்டவங்க சிரிச்சாங்க. போட்டிக் கம்பெனிங்களுக்கு அது எச்சரிக்கை.

அதுல ஒண்ணுதான் நம்ம ரப்பர் பேண்ட். யோசிச்சவர் பாஸ் ஓர்டிங்ங்கற ஆப்பிள் டிசைனர். லிஸ்ட் முடியற இடத்துல திரை அப்படியே நின்னுட்டா, முடிஞ்சதால நின்னுச்சா, போன் ஹேங் ஆயிடுச்சான்னு நமக்குத் தெரியாது. கொஞ்சம் இழுபட்டுத் திரும்பினா, ‘நான் உயிரோடதான் இருக்கேன், உனக்குத்தான் லிஸ்ட் தீந்து போச்சு’ன்னு போன் சொல்ற மாதிரி இருக்கும். அழகான யோசனை, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. 2008 டிசம்பர்ல பேட்டன்ட் கிடைச்சுது. நம்பர் 7,469,381. வக்கீலுங்க சுருக்கமா 381ன்னு சொல்லுவாங்க.

இங்க ஒண்ணைக் கவனிங்க. ‘ரப்பர் பேண்ட் மாதிரி துள்ளறது’ங்கற யோசனைக்கு யாரும் பேட்டன்ட் தர மாட்டாங்க. பேட்டன்ட்டோட உயிர் கிளெய்ம்ங்கற பகுதியில இருக்கு. விரல் நகருது, லிஸ்ட் நகருது, ஓரம் வந்ததும் அதுக்கு வெளிய இருக்கற வெத்து இடம் தெரியுது, விரலை எடுத்ததும் அது மறையற வரைக்கும் லிஸ்ட் எதிர்ப்பக்கம் நகருது – இப்படிப் படிப்படியா எழுதி வச்சிருப்பாங்க. அதுல ஒரு படி உங்க போன்ல இல்லேன்னா நீங்க தப்பிச்சீங்க. 915ன்னு இன்னொரு பேட்டன்ட்டை எல்லாரும் ‘பிஞ்ச் டு ஜூம் பேட்டன்ட்’னு எழுதினாங்க. உண்மையில அது ஒரு விரல் பட்டா ஸ்க்ரோல், ரெண்டு விரல் பட்டா வேற வேலைன்னு போன் பிரிச்சுப் பாக்கற முறைக்கான பேட்டன்ட்.

இந்த விஷயத்துல நம்ம நாட்டுச் சட்டம் கறார். 1970 பேட்டன்ட் சட்டம், 3(கே) பிரிவு, கம்ப்யூட்டர் புரோகிராமை மட்டும் தனியாக் கொண்டு வந்து கண்டுபிடிப்புன்னு காட்ட முடியாதுன்னு சொல்லுது. இங்க டெல்லி ஹைகோர்ட்டுக்கு வந்த பெரிய போன் வழக்குங்க வேற ரகம். எரிக்சன் தன்னோட நெட்வொர்க் பேட்டன்ட்டுங்களை வச்சு மைக்ரோமேக்ஸ், ஷாவ்மி, லாவா மேல போட்டது. லாவா மேல 2024ல 244 கோடி ரூபாய்க்குத் தீர்ப்பே வந்துச்சு. அதுக்குத் தனியா ஒரு வீடியோ போடணும்.

[திரையில்: கேலக்ஸி எஸ், ஐபோன், பக்கத்துல பக்கத்துல]

2010ல சாம்சங் கேலக்ஸி எஸ் வந்துச்சு. ஆப்பிள்காரங்களுக்குப் பாத்ததும் பத்திக்கிச்சு. ஆனா சாம்சங் யாரோ இல்ல. ஐபோன் 4 உள்ள இருந்த ஏ4 சிப்பைத் தயாரிச்சுக் கொடுத்ததே சாம்சங்தான். பங்காளிச் சண்டை மாதிரின்னு வச்சுக்குங்க: கிணறு பொது, வரப்புலதான் தகராறு. அதனால எடுத்ததும் கோர்ட்டுக்குப் போகல. 2010 அக்டோபர்ல ஆப்பிள் ஒரு பேரம் பேசுச்சு: போனுக்கு 30 டாலர், டேப்லெட்டுக்கு 40 டாலர் லைசென்ஸ் கட்டணம் கொடுங்க, விட்டுடறோம். பேரம் படியல.

2011 ஏப்ரல் 15, கலிஃபோர்னியா ஃபெடரல் கோர்ட்டுல ஆப்பிள் வழக்குப் போட்டுச்சு. சாம்சங் ஒரே வாரத்துல கொரியா, ஜப்பான், ஜெர்மனின்னு பதில் வழக்குப் போட்டுச்சு. அதுக்கப்புறம் எந்த நாட்டுல யார் மேல என்ன வழக்குன்னு சொல்ல ஆரம்பிச்சா இந்த வீடியோ முடியாது.

சான் ஹோசே கோர்ட்டுல நீதிபதி லூசி கோ. விசாரணைக்கு முன்னாடி நடந்த ஒரு காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவங்க ஐபேடையும் சாம்சங் டேப்லெட்டையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டி, சாம்சங் வக்கீல்கிட்ட எது உங்களோடதுன்னு கேட்டாங்க. பத்தடி தூரத்துல நின்ன வக்கீலால சொல்ல முடியல, இந்தத் தூரத்துல இருந்து தெரியலேன்னாங்க. சாம்சங் சொந்த ஆபீஸ்ல தயாரான 132 பக்க அறிக்கை ஒண்ணும் வெளிய வந்துச்சு. கேலக்ஸி எஸ்ஸையும் ஐபோனையும் திரை திரையா ஒப்பிட்டு, எங்கெங்க மாத்தணும்னு அவங்களே எழுதி வச்சது. தீர்ப்புச் சொல்ல உக்காந்திருக்கற பொதுமக்கள், அதாவது ஜூரி, முன்னாடி இதைக் காட்டினா என்ன ஆகும்?

சாம்சங் தரப்பும் சும்மா இல்ல. பல விரல் ஜூம் எல்லாம் மிட்சுபிஷி ஆராய்ச்சிக்கூடத்துல டைமண்ட்டச்ங்கற மேஜையில ஐபோனுக்கு முன்னாடியே இருந்துச்சு, மேரிலேண்ட் பல்கலைக்கழகத்துல லாஞ்ச்டைல்னு ஒரு மென்பொருள் இருந்துச்சுன்னு சாட்சிங்களைக் கொண்டு வந்தாங்க. முன்னாடியே இருந்ததுன்னு நிரூபிச்சா பேட்டன்ட் செல்லாது. இருந்தும் ஜூரி அசையல.

[திரையில்: 2012 ஆகஸ்ட் 24]

ஒன்பது பேர் ஜூரி. பதில் சொல்ல வேண்டிய கேள்விங்க 700க்கு மேல. மூணு நாள் கூட ஆகல, முடிச்சுட்டாங்க. அவசரத்துல சாம்சங் மீறவே இல்லன்னு அவங்களே சொன்ன டேப்லெட்டுக்கும் சேத்து நஷ்ட ஈடு எழுதிட்டு, நீதிபதி சொன்னதும் திருத்தினாங்க. கடைசித் தொகை: 104 கோடியே 93 லட்சம் டாலர். அன்னைய ரேட்டுக்கு ஏறக்குறைய 5,800 கோடி ரூபாய்.

அதே 24ஆம் தேதி, சியோல்லயும் தீர்ப்பு. அங்கயும் இதே ரப்பர் பேண்ட். கொரியா கோர்ட்டு, ஆமா, சாம்சங் மீறிடுச்சு, இரண்டரைக் கோடி வோன் கொடுன்னுச்சு. கோடின்னதும் மலைக்காதீங்க, வோன் கணக்குல அது நம்ம காசுக்குப் பத்துப் பன்னெண்டு லட்சம். அதே தீர்ப்புல, நீயும் சாம்சங்கோட பேட்டன்ட் ரெண்டை மீறியிருக்கேன்னு ஆப்பிளையும் நாலு கோடி வோன் கட்டச் சொல்லுச்சு. ஒரே நாள், ஒரே துள்ளல்!

அப்போ கலிஃபோர்னியால மட்டும் எப்படி அவ்வளவு வந்துச்சு? அதுக்கு நாம கொஞ்சம் பின்னாடி போகணும். கொஞ்சம்னா, 130 வருஷம்.

[திரையில்: பூ வேலைப்பாடு போட்ட பழைய கம்பளம்]

1880கள். அமெரிக்கால ஹார்ட்ஃபோர்டு கார்பெட்னு ஒரு கம்பளக் கம்பெனி. அவங்க டிசைனை டாப்சன்ங்கறவங்க காப்பி அடிச்சுட்டாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. 1885ல கோர்ட்டு சொன்னது: காப்பி அடிச்சது உண்மைதான், ஆனா அவங்க சம்பாதிச்சதுல எவ்வளவு அந்த டிசைனால வந்துச்சுன்னு நீ நிரூபிக்கலியே. இந்தா, ஆறு சென்ட். டாலர் இல்ல, சென்ட். கம்பளக்காரங்க கொதிச்சுப் போயிட்டாங்க. 1887ல நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டுச்சு: டிசைனைக் காப்பி அடிச்சு வித்தா, அந்தப் பொருள்ல வந்த மொத்த லாபத்தையும் கொடுத்துடணும்.

கம்பளத்துக்கு இது நியாயம். புடவை மாதிரிதான் அதுவும். பார்டரையும் முந்தானையையும் பாத்துத்தானே புடவை எடுக்கறோம்? டிசைன் போச்சுன்னா மிச்சம் வெறும் துணி. ஆனா போன்? உள்ள சிப் இருக்கு, கேமரா இருக்கு, பேட்டரி இருக்கு, ரேடியோ இருக்கு. முன்பக்கக் கறுப்புக் கண்ணாடி ஒரு மாதிரி இருக்குங்கறதுக்காக மொத்த போனோட லாபமுமா?

ஆமான்னுச்சு சட்டம். ஆப்பிள் மென்பொருள் பேட்டன்ட்டோட மூணு டிசைன் பேட்டன்ட்டும், அதாவது தோற்றத்துக்கான பேட்டன்ட்டும், வச்சிருந்துச்சு. ஒண்ணு முன்பக்கக் கண்ணாடி, ஒண்ணு அதைச் சுத்தின விளிம்பு, ஒண்ணு வண்ண வண்ண ஐகான் வரிசை. ஊரெல்லாம் துள்ளல், ஜூம்னு பேசிக்கிட்டிருந்தப்ப பணம் இந்தக் கதவு வழியா வந்துக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் தொகை கரைய ஆரம்பிச்சுது. கணக்குத் தப்புன்னு நீதிபதி ஒரு பகுதியை எடுத்தாங்க, புது ஜூரி வேற தொகை போட்டுச்சு, மேல்முறையீட்டுல இன்னும் கொஞ்சம் போச்சு. கடைசியில 2015 டிசம்பர்ல சாம்சங் 54.8 கோடி டாலர் கட்டுச்சு. கட்டிட்டு, அதுல டிசைனுக்கான 39.9 கோடியைத் திருப்பிக் கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. டிசைன் பேட்டன்ட் வழக்கு ஒண்ணை அந்தக் கோர்ட்டு எடுத்து நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு. 2016 டிசம்பர் 6, எட்டு நீதிபதிங்களும் ஒரே குரல்ல: ‘பொருள்’னு சட்டத்துல இருக்கறது முழு போனாத்தான் இருக்கணும்னு இல்ல, அதுல ஒரு பாகமாவும் இருக்கலாம். எது பாகம்னு எப்படி முடிவு பண்றது? அதைக் கீழ்க் கோர்ட்டே பாத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க.

2018 மே மாசம் மறுபடி ஜூரி. ஆப்பிள் 100 கோடிக்கு மேல கேட்டுச்சு. சாம்சங் 2.8 கோடி போதும்னுச்சு. ஜூரி போட்டது 53.9 கோடி டாலர். இந்தத் தடவைதான் பிரிச்சுக் காட்டினாங்க.

[திரையில்: ரெண்டு தூண். ஒண்ணு திரையைத் தாண்டிப் போகுது. இன்னொண்ணு தரையோட தரையா இருக்கு.]

டிசைனுக்கு 53 கோடியே 33 லட்சம். ரப்பர் பேண்டையும் சேத்து ரெண்டு மென்பொருள் பேட்டன்ட்டுக்கு? 53 லட்சம். நூத்துல ஒரு பங்கு. ரெண்டு தரப்பு வக்கீல் ஃபீஸை நினைச்சா, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்தான் ஞாபகம் வருது.

அடுத்த மாசமே, ஜூன்ல, ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்க. என்ன பேசிக்கிட்டாங்கங்கறதை வெளிய சொல்லல.

முழுக்க முழுக்க மென்பொருளுக்கான சண்டை தனியா ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு. 2012 பிப்ரவரில ஆப்பிள் போட்ட ரெண்டாவது வழக்கு. டிசைன் பேட்டன்ட் கிடையாது. மெசேஜ்ல வர்ற போன் நம்பரைத் தொட்டா கால் போறது, தப்பா டைப் பண்ணினா வார்த்தையைத் திருத்தறது, ஸ்லைட் டு அன்லாக் – இந்த மாதிரி. ஆப்பிள் கேட்டது 220 கோடி டாலர். 2014ல ஜூரி கொடுத்தது 11.96 கோடி. அதே ஜூரி சாம்சங்குக்கும் ஒரு பேட்டன்ட்டுக்காக 1,58,400 டாலர் கொடுத்துச்சு.

ஸ்லைட் டு அன்லாக் கதையை மட்டும் சொல்லிடறேன். ஸ்வீடன்ல நியோநோட்னு ஒரு சின்னக் கம்பெனி. அவங்க போன்ல திரை மேல விரலை இடமிருந்து வலமாத் தள்ளினா பூட்டுத் திறக்கும். ஐபோனுக்கு முந்தின போன் அது. வித்தியாசம் என்னன்னா, ஐபோன்ல விரலோட ஒரு படமும் சேந்து நகரும். லண்டன் கோர்ட்டு 2012லயே ஆப்பிளோட இந்த பேட்டன்ட் செல்லாதுன்னுச்சு. ஜெர்மனியும் அதையே சொல்லி, 2015ல அங்க உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணிடுச்சு. அமெரிக்கால மட்டும் இழுத்துச்சு. 2016 பிப்ரவரில மேல்முறையீட்டுக் கோர்ட்டுல மூணு நீதிபதிங்க, இதுவும் வார்த்தை திருத்தற பேட்டன்ட்டும் செல்லாது, நம்பரைத் தொட்டா கால் போற பேட்டன்ட்டை சாம்சங் மீறலன்னு 11.96 கோடியை ரத்து பண்ணாங்க. அக்டோபர்ல அதே கோர்ட்டோட முழு அமர்வு, இல்ல, ஜூரி சொன்னதுதான் சரின்னு பணத்தைத் திருப்பிக் கொடுத்துச்சு. சாம்சங் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடுச்சு. 2017 நவம்பர்ல, இதை எடுத்துக்க முடியாதுன்னு அவங்க கை விரிச்சுட்டாங்க. ஆப்பிள் ஜெயிச்சுடுச்சு.

[திரையில்: 2016 செப்டம்பர், ஐஓஎஸ் 10. ஒரு கட்டைவிரல் பழக்க தோஷத்துல பூட்டுத் திரையைத் தள்ளுது. போன் திறக்கல.]

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஐபோன்ல இருந்து ஸ்லைட் டு அன்லாக்கை ஆப்பிளே எடுத்துட்டிருந்துச்சு.