மூன்று படம், மூன்று கேட்டி: 'தி ஷன்னிங்' நாவலும் படமும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வெளிச்சம் சரியில்லை, மாடி வீட்டில் சுவரில் ஏதோ துளை போடுகிறார்கள், சத்தம் கேட்கும். நாளைக்கு எடுக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நாளைக்குள் இந்தக் கோபம் ஆறிவிடும். சூடு இருக்கும்போதே பேசிவிடுகிறேன்.

விஷயம் என்னவென்றால், நேற்று ராத்திரி 'தி ரெக்கனிங்' பார்த்தேன். கதாநாயகி கேட்டி லாப் திரையில் வந்து நிற்கிறாள், யார் இந்தப் பெண் என்று நான் முழிக்கிறேன். மறுபடியும் ஆளை மாற்றிவிட்டார்கள்! 2011இல் வந்த முதல் படம் 'தி ஷன்னிங்'. அதில் டானியெல் பானபேக்கர், 'தி ஃப்ளாஷ்' தொடரில் கேட்லின் ஸ்னோவாக வருவாரே, அவர். 2013இல் 'தி கன்ஃபெஷன்', அதில் கேட்டி லெக்லெர்க். 2015இல் வந்த மூன்றாவதான இந்த 'தி ரெக்கனிங்'கில் இன்னொருவர். இந்தப் படங்களுக்கு மூலம் அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி லூயிஸ் எழுதிய மூன்று நாவல்கள், மூன்றும் ஒரே கதையின் தொடர்ச்சி. ஒரே பெண்ணோடு மூன்று புத்தகம் நடந்து வந்துவிட்டு, படத்தில் ஒவ்வொரு தடவையும் புது முகத்துக்குப் பழக வேண்டுமா? எனக்கு முடியவில்லை.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புத்தகம் முடிக்காமல் படத்தைத் தொட மாட்டேன். இந்தத் தடவை அதனாலேயே படம் தள்ளிக்கொண்டே போனது. எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புத்தக விற்பனை போட்டிருந்தார்கள். கடைசி நாளில் ஒரு பை 5 டாலர், பைக்குள் எவ்வளவு அடங்குகிறதோ அவ்வளவும் நமக்கு. நான் எப்படி அடுக்கினேன் என்று பார்த்திருக்க வேண்டும். தடிப் புத்தகங்கள் அடியில், ஓரத்து இடுக்குகளில் சின்னச் சமையல் புத்தகங்கள், மேலே நாவல்கள். பையின் காது பிய்கிற நிலை. பணம் வாங்கிய அம்மா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். 'தி ஷன்னிங்' கிடைத்தது, மூன்றாவது பாகமும் கிடைத்தது. இரண்டாவது மட்டும் இல்லை! மேஜைக்கு அடியில் இருந்த பெட்டிகளைக்கூட விடவில்லை, இல்லவே இல்லை. கடைசியில் அதைத் தனியாகத் தபாலில் வரவழைத்தேன். பழைய பிரதிதான், தபால் செலவோடு 9 டாலர் 80 சென்ட். ஒரு பை புத்தகமே 5 டாலர், இந்த ஒரு புத்தகம் அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வயிறு எரிகிறது. சரி, கதைக்கு வருகிறேன்.

கதை நடப்பது அமிஷ் மக்களிடையே, அமெரிக்காவில் இன்னும் பழைய முறையில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அவர்களைப் பற்றி, பென்சில்வேனியாவின் லாங்காஸ்டருக்குப் போன வீடியோவிலேயே விரிவாகச் சொல்லிவிட்டேன். சாம்பல் நிறக் கூரை போட்ட குதிரை வண்டிகள், ஓரம் இழுத்துச் சொருகிய தலைத்துணிகள், கார் ஓட்டக் கூடாது, முகத்தைப் படம் எடுப்பது அவர்களுக்குப் பிடிக்காது, அதனால் நான் கேமராவைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டே நடந்த வீடியோ. இன்டர்கோர்ஸ் (ஆங்கிலத்தில் உடலுறவு!) என்று ஒரு ஊர்ப் பலகையைக் காட்டியதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் கமென்டில் அப்படியே இருக்கிறது.

நாவலின் கேட்டி அந்த லாங்காஸ்டர் வட்டாரத்துப் பெண். அவள் காதலித்த டேனியல் ஃபிஷர் கடலில் மூழ்கிவிட்டதாக ஊரே நம்புகிறது. இப்போது ஜான் பெய்லர் என்ற பிஷப்போடு, அதாவது ஊர்ச் சபைத் தலைவரோடு, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவர் மனைவியை இழந்தவர், ஐந்து குழந்தைகளுக்கு அப்பா. கல்யாணத்துக்கு முன்னால் பரணில் ஒரு சாட்டின் குழந்தைச் சட்டை கேட்டியின் கையில் கிடைக்கிறது. பளபளப்பான துணியே உடுத்தாத வீட்டில் இது எப்படி வந்தது என்று தோண்டப்போய், தான் வளர்ப்பு மகள் என்று தெரிகிறது. கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுகிறாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். லாங்காஸ்டர் அமிஷ் கல்யாணம் என்பது சின்ன விஷயம் இல்லை. அறுவடை முடிந்த பிறகு, செவ்வாய் அல்லது வியாழக்கிழமை, பெண் வீட்டிலேயே நடக்கும். இருநூறு முந்நூறு பேர் வருவார்கள். ரொட்டித்துண்டு கலந்த கோழி, அதோடு கட்டாயம் செலரி. ஒரு வீட்டுத் தோட்டத்தில் வழக்கத்தைவிட அதிகமாகச் செலரி முளைத்திருந்தால், அந்த வீட்டில் கல்யாணம் வருகிறது என்று அக்கம்பக்கம் கணக்குப் போட்டுவிடும். அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அதுவும் பிஷப்பை விட்டுவிட்டு எழுந்து போவது என்றால் யோசித்துப் பாருங்கள்.

படத்தின் மேல் எனக்கு முதல் சண்டை இந்த பிஷப்பால்தான். பர்ஜஸ் ஜென்கின்ஸ் நடித்திருக்கிறார். நல்ல நடிகர், 'ரிமெம்பர் தி டைட்டன்ஸ்' படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் இவ்வளவு அழகான மாப்பிள்ளையை உட்காரவைத்தால் கேட்டியின் தயக்கம் எங்கிருந்து வரும்? நாவலில் அந்த நிச்சயத்தைப் படிக்கும்போதே நமக்கு மூச்சு முட்டும். ஐந்து குழந்தைகள், ஊர்ப் பொறுப்பு, எல்லாம் ஒரே நாளில் அவள் தலையில் வந்து விழப்போகிறது. படத்தில் எனக்கு, 'ஏம்மா, இவருக்கு என்ன குறைச்சல்?' என்றுதான் கேட்கத் தோன்றியது.

அடுத்தது தலைப்பிலேயே இருக்கிற விஷயம், ஆளைத் தள்ளிவைப்பது. அமிஷ் என்ற பிரிவு தனியாகப் போனதற்கே இதுதான் பெரிய காரணம். 1693இல் ஸ்விட்சர்லாந்து, அல்சாஸ் பக்கத்தில் ஜேக்கப் அம்மான், சபையிலிருந்து நீக்கப்பட்டவர்களை இன்னும் கடுமையாக விலக்கிவைக்க வேண்டும் என்று நின்றார், அதிலிருந்து பிரிந்தவர்கள்தான் இவர்கள். தள்ளிவைக்கப்பட்டவரோடு ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது. அவர் கையிலிருந்து எதையும் நேராக வாங்கக் கூடாது, அவர் கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆங், முக்கியமானதை விட்டுவிட்டேன். இது ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான். அவர்கள் வளர்ந்த பிறகுதான் எடுப்பார்கள். எடுக்காமலே ஒருவர் வெளியேறினால் இந்தத் தண்டனை கிடையாது. கேட்டி எடுத்துவிட்டாள், அதனால் மாட்டிக்கொண்டாள்.

இது அடுக்களையில், சாப்பாட்டு நேரத்தில் நடக்கிற தண்டனை. பெற்றதைப்போல வளர்த்த அம்மா எதிரே நிற்கிறாள், ஆனால் எப்போதும்போல இருக்க முடியாது. இதை உணரவைக்க நேரம் வேண்டும். அதே காலை, அதே அடுப்பு, அதே மௌனம் என்று திரும்பத் திரும்ப வர வேண்டும். நாவலில் பக்கங்கள் இருக்கின்றன. ஒன்றரை மணி நேரத் தொலைக்காட்சிப் படத்தில் அதற்குக் கிடைக்கும் நேரம் எனக்குப் போதவே இல்லை. கண் கலங்கத் தயாராக உட்கார்ந்தேன், அதற்குள் கதை நகர்ந்துவிட்டது.

பின்னணி இசை வேறு! கேட்டி செய்கிற குற்றங்களில் ஒன்றே கிதார். அமிஷ் வழிபாட்டில் வாத்தியமே கிடையாது. ஆஸ்பண்ட் என்ற பாட்டுப் புத்தகத்தில் வரிகள் மட்டும்தான் அச்சில் இருக்கும், மெட்டு காது வழியாக வருவது. எல்லோரும் ஒரே சுரத்தில் இழுத்து இழுத்துப் பாடுவார்கள், ஒரு பாட்டு இருபது நிமிடம் போகும். இப்படிப்பட்ட கதைக்கு மென்மையான இசையை வழிய வழிய ஊற்றினால், கிதார் ஏன் அங்கே பெரிய விஷயம் என்று எப்படிப் புரியும்? இசையே இல்லாமல் விட்டுவிட்டு, அவள் தந்தியைத் தொடும்போது மட்டும் சத்தம் வந்திருந்தால் நான் இந்த வீடியோவைப் பாராட்டி எடுத்திருப்பேன்.

புத்தகத்தையும் சும்மா விடப்போவதில்லை. கேட்டிக்குப் பாட்டும் அழகான துணியும் பிடிப்பது பெற்ற பணக்காரத் தாயின் ரத்தத்தால் வந்தது என்பதுபோல நாவல் சாய்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அமிஷ் வீட்டிலேயே பிறந்த பெண்ணுக்குப் பாட்டு பிடிக்காதா என்ன? பெவர்லி லூயிஸின் சொந்தப் பாட்டி, பழைய முறை மென்னோனைட் (அமிஷுக்கு நெருங்கிய இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தில் வளர்ந்தவர், பைபிள் கல்லூரியில் படித்தவரைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக அந்த வாழ்க்கையை விட்டு வந்தவர். நாவலுக்கு விதையே அவர்தான். அவருக்கு எந்தப் பணக்கார ரத்தமும் தேவைப்படவில்லையே. அந்தப் பாட்டியை அப்படியே எழுதியிருக்கலாம்.

படத்தில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது பெற்ற தாய் லாராதான். 'ஈ.ஆர்.' தொடரின் டாக்டர் சூசன் லூயிஸ், ஷெர்ரி ஸ்ட்ரிங்ஃபீல்ட். நாவலில் லாரா வரும் பகுதிகளை நான் வேகமாகப் புரட்டினேன். மாளிகை, நோய், வேலைக்காரர்கள், கொஞ்சம் நாடகம் அதிகம். படத்தில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் நம்பும்படி ஆகிவிட்டது. இரண்டாவது படத்திலும் இவரேதான், அதுவே பெரிய நிம்மதி. அந்தப் படத்தின் கதையில், நான்தான் கேட்டி என்று பொய் சொல்லி ஏமாற்ற வரும் பெண்ணாக நடித்தவர் ஜூலியா வீலன். ஆடியோ புத்தகம் கேட்பவர்களே, அந்தப் பெயர் தெரிகிறதா? ஏகப்பட்ட ஆடியோ புத்தகங்களுக்குக் குரல் கொடுத்தவர். குரலைக் கேட்டதும் நான் கத்திவிட்டேன்.

ஆக, முதல் நாவலைப் படியுங்கள், முதல் இரண்டு படத்தை லாராவுக்காகப் பாருங்கள். மூன்றாவதைப் பார்ப்பது உங்கள் பாடு. டேனியல் ஃபிஷருக்கு என்ன ஆனது என்பதை மட்டும் கமென்டில் யாரும் போட்டு உடைக்காதீர்கள், போட்டால் நீக்கிவிடுவேன். இரண்டாவது பாகத்தை 9 டாலர் 80 சென்ட்டைவிடக் குறைவாக யாராவது வாங்கியிருந்தால், தயவுசெய்து அதையும் சொல்லாதீர்கள்.