பெருச்சாளி புகாத புல்தரை: காலடிப்பேட்டை வீட்டுக் கொல்லையில
வணக்கம் மக்களே! திருவொற்றியூர் காலடிப்பேட்டையில, நம்ம வீட்டுக் கொல்லையில நிக்கிறேன். "புல்லு என்னாச்சுண்ணா"ன்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கீங்க. இன்னைக்கு முழுசா சொல்லிடறேன்.

போன வருஷம் போட்ட புல்லு மூணே மாசத்துல போச்சு. போட்டுக் கொடுத்தவர் மண்ணை நிரவினாரு, புல்லை விரிச்சாரு, கிளம்பிட்டாரு. அடியில எதுவுமே இல்ல. இந்தச் சுவருக்கு அந்தாண்ட மழைநீர்க் கால்வாய். அங்கேர்ந்து பெருச்சாளி அஸ்திவாரத்துக்கு அடியில பூந்து வந்து, புல்லுக்குக் கீழ வளை தோண்டிடுச்சு. மேல பார்த்தா பச்சைப்பசேல்னு இருக்கும், கால வச்சா உள்ள போகும். அம்மா ஒரு நாள் காலையில துளசிக்குத் தண்ணி ஊத்தப் போனவங்க, கணுக்கால் மடங்கி விழுந்துட்டாங்க. ஆறு வாரம் கட்டு.

மருந்து வைன்னு நிறைய பேர் சொன்னாங்க. நான் வைக்கல. பக்கத்து வீட்டுப் பசங்க, தெரு நாயி, பூனை எல்லாம் வந்து போற இடம். அம்மாவும் ஒத்துக்கல. "பிள்ளையார் வாகனம்டா அது, உள்ள வராம பண்ணு, போதும்"னுட்டாங்க.

அதுக்குத்தான் இந்த வலை. இப்படிக் கிட்ட வாங்க. அரை இஞ்ச் கண்ணு, ஜிஐ வெல்ட் மெஷ், அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் கம்பி வலை. வேர் தாராளமா கீழ இறங்கும், பெருச்சாளி தலை நுழையாது. அது ஒரு கிலோவுக்கு மேலயும் வளர்ற பிராணி, பிளாஸ்டிக் வலையெல்லாம் கடிச்சுப் போட்டுடும். துத்தநாகப் பூச்சு இல்லாத கறுப்புக் கம்பியும் வாங்காதீங்க. நமக்குக் கடல் நடந்து போற தூரம், உப்புக் காத்துக்கும் ஈர மண்ணுக்கும் சீக்கிரமே துருப்பிடிச்சுடும்.

இடம் பன்னெண்டுக்குப் பதினாறு அடி. நாலடி அகல வலை, அம்பதடி ரோல் ரெண்டு ஆச்சு. நாலு இஞ்ச் மண்ணை வாரிட்டு, தண்ணி ஓட லேசா வாட்டம் வச்சு, வலையை இழுத்து விரிச்சோம். துண்டுக்குத் துண்டு அரை அடி மேல ஏத்தி, ஜிஐ கட்டுக்கம்பியால முடிச்சுப் போட்டோம். கையுறை இல்லாம தொடாதீங்க, வெட்டின முனை ஒவ்வொண்ணும் ஊசி.

உயிர்நாடி ஓரம்தான் மக்களே. நடுவுல எவ்வளவு நல்லா போட்டாலும் பெருச்சாளி ஓரத்துலதான் வழி தேடும். சுவர் பக்கம் வலையை நாலு இஞ்ச் மேல மடக்கி, கான்கிரீட் ஆணி அடிச்சு, சிமெண்ட் பூசிட்டோம். திறந்த பக்கம் ஒரு அடி பள்ளம் எடுத்து, வலையைக் கீழ்நோக்கி இறக்கிட்டோம். ரெண்டு ஆளுக்கு ஒரு முழு நாள் வேலை, இதுல அவசரமே படாதீங்க. தண்ணிக் குழாய், லைட் ஒயர் எல்லாம் வலைக்கு முன்னாடியே புதைச்சிடுங்க. அப்புறம் இங்க கடப்பாரை போட முடியாது.

வலை மேல செம்மண், மணல், மக்கின சாணி எரு கலந்து ரெண்டு இஞ்ச். அதுக்கு மேல புல்லு. நம்ம போர் தண்ணி உப்பு, அதனால பெர்முடா எடுத்தேன். நம்ம அருகம்புல் இனம்தான், உப்பும் தாங்கும், வெயிலும் தாங்கும். வண்டியில வந்த அன்னைக்கே விரிச்சிடணும், அடுக்கி வச்சா உள்ளயே வெந்து மஞ்சளாயிடும். செங்கல் கட்டுற மாதிரி இணைப்பை மாத்தி மாத்தி, இடைவெளி விடாம நெருக்கி வச்சு, உடனே நல்லா நனைச்சோம். ரெண்டு வாரம் ஈரம் காயவே விடல, யாரையும் மிதிக்க விடல. சித்திரை, வைகாசியில ஆரம்பிக்காதீங்க. ஐப்பசி மழையிலயும் வேணாம், மண்ணு கரைஞ்சு ஓடிடும். நான் தை கடைசியில போட்டேன்.

பன்னெண்டாம் நாள் இந்த மூலையை இப்படித்தான் மெதுவா தூக்கிப் பார்த்தேன். வரல, பிடிச்சுக்கிச்சு. ஓரமா வெள்ளை வேர் நூல் நூலா கம்பிக்குள்ள இறங்கியிருந்துச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

இங்க பாருங்க, இது முந்தாநாள் ராத்திரி. திறந்த பக்கத்து ஓரத்துல தோண்டியிருக்கு, மண்ணு குவிஞ்சிருக்கு. ஒரு சாண் ஆழத்துல கம்பி தட்டியிருக்கு, அதோட விட்டுட்டுப் போயிடுச்சு. இந்தக் குழியை மூடிட்டு, அம்மாவைக் கூட்டிட்டு வரேன். இன்னைக்குத்தான் அவங்க முதல் தடவை இதுல நடக்கப் போறாங்க.