துப்பாக்கியை உருக்கித் தரை போட்டவர்கள்

(திரையில்: சாம்பல் நிறத் தரை. கேமரா மெல்ல நகர்கிறது.)

இந்தத் தரையைக் கொஞ்சம் பாருங்கள். சமமாக இல்லை. பள்ளமும் மேடுமாக, யாரோ ஆத்திரம் தீர அடித்தது போல இருக்கிறது. அப்படித்தான் அடித்தார்கள்.

இடம், கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அரசோடு சண்டையிட்ட ஃபார்க் கெரில்லாக்கள் 2016-இல் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒப்படைக்கும் ஆயுதங்களை வைத்து மூன்று நினைவுச் சின்னங்கள் செய்ய வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. பொகோட்டாவில் அமையவேண்டியது டோரிஸ் சால்செடோ என்ற சிற்பியின் கைக்கு வந்தது.

இந்த மாதிரி வேலைக்கு வழக்கமாக என்ன செய்வார்கள்? உயரமாக ஒரு தூண், உச்சியில் ஒரு புறா. சால்செடோ அந்தப் பக்கமே போகவில்லை. 37 டன் ஆயுதத்தை உருக்கித் தரைக்கு ஓடு வார்த்தார். அண்ணாந்து பார்க்க அங்கே எதுவும் கிடையாது. துப்பாக்கியின் மேல் நடக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பள்ளமும் மேடும் எப்படி வந்தது? போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் சிலரை அவர் வரவழைத்தார். ஆளுக்கொரு சுத்தியல். எதிரே உலோகத் தகடு. அவர்கள் அடித்த தகட்டிலிருந்துதான் அச்சு எடுத்தார்கள், அந்த அச்சில்தான் ஓடு வார்த்தார்கள். ஆக, ஒவ்வொரு ஓட்டிலும் இருப்பது யாரோ ஒருத்தியின் கை வேகம். 2018-இல் திறந்தார்கள். பெயர் ‘ஃபிராக்மென்டோஸ்’, அதாவது துண்டுகள்.

இந்த வீடியோவில் நான் சொல்ல வருவது இந்தச் சுத்தியலைப் பற்றித்தான். போர் முடிந்த நாட்டில் கலை எதையாவது சரிசெய்கிறதா என்று கேட்டால், சிலை எவ்வளவு அழகு என்பதை நான் பார்ப்பதில்லை. செய்தது யார் கை, செய்வதற்கு முன்னால் யார் பேசினார்கள், யார் உட்கார்ந்து கேட்டார்கள் என்றுதான் பார்ப்பேன்.

ஏனென்றால் பேச்சுவார்த்தை வேறு, உரையாடல் வேறு. முன்னது தலைவர்கள் மேசையில் முடிந்துவிடும். கொலம்பியாவிலேயே முதலில் கையெழுத்தான ஒப்பந்தம் 2016 அக்டோபர் 2 அன்று மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. அந்த மாதமே சால்செடோ நகரத்தின் பெரிய சதுக்கத்தில் வெள்ளைத் துணிகளை விரித்தார். ஒவ்வொன்றிலும் போரில் இறந்த ஒருவரின் பெயர், சாம்பலால் எழுதியது. முன்பின் தெரியாத ஆட்கள் வந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்க அந்தத் துணிகளை ஒன்றோடொன்று தைத்தார்கள். ஊசி கையில் இருக்கும்போது மனிதர்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். திருத்திய ஒப்பந்தம் நவம்பரில் கையெழுத்தானது. துணி தைத்ததால் ஆனது என்று சொல்லமாட்டேன்.

(திரையில்: நீல நிற உடை ஒன்று, காற்றில் தொங்குகிறது.)

அடுத்து இந்த உடை. கிட்டே போனால் தெரியும், துணி அல்ல, பிளாஸ்டிக் பை.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி போனபின், 1996-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணைகளைத் தொடங்கியது. தலைவர், பேராயர் டெஸ்மண்ட் டுட்டு. அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டால் மன்னிப்புக்கு வழி உண்டு என்பது ஏற்பாடு. பாதிக்கப்பட்டவர்கள் பேசினார்கள். கொன்றவர்களும் வந்து பேசினார்கள். நாடே வானொலியில் கேட்டது.

அப்படி வெளிவந்த கதைகளில் ஒன்று ஃபிலா ந்த்வான்ட்வே என்ற பெண்ணுடையது. நிறவெறி ஆட்சியை எதிர்த்த விடுதலைப் படையில் இருந்தவர், 1988-இல் பாதுகாப்புப் போலீசார் கடத்திக் கொன்றார்கள். அடைத்து வைத்திருந்தபோது உடம்பில் துணி இல்லாமல் வைத்திருந்தார்கள். கையில் கிடைத்த ஒரு நீல பிளாஸ்டிக் பையை அவர் உள்ளாடையாகக் கட்டிக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்துக் குழியைத் தோண்டியபோது எலும்போடு அந்தப் பையும் இருந்தது.

ஜூடித் மேசன் என்ற ஓவியர் இதை வானொலியில் கேட்டார். நீலப் பைகளைச் சேர்த்து அந்தப் பெண்ணுக்கு ஓர் உடை தைத்தார். பாவாடையில் அவருக்கு ஒரு கடிதமும் எழுதினார். அது இன்று ஜோகன்னஸ்பர்க்கில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் கலைத் தொகுப்பில் இருக்கிறது. அந்த நீதிமன்றம் 2004-இல் ஒரு பழைய சிறை வளாகத்தில் எழுந்தது. காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த இடம்தான். இடித்த சிறைப் பகுதியின் செங்கல்லையே எடுத்து நீதிமன்றச் சுவரில் வைத்தார்கள்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பணம் தரச் சொன்னது ஆணையம். அரசு கொடுத்ததோ ஒரே தடவையாக 30,000 ராண்ட். உடை அருங்காட்சிப் பொருளாகிவிடும், வீட்டு வாடகை ஆகாதே.

சரி, சுவருக்கு வருவோம். வட அயர்லாந்து, பெல்ஃபாஸ்ட். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற புராட்டஸ்டண்டுகளும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற கத்தோலிக்கரும் மோதிய ஊர். அங்கே தெருச் சுவர் ஓவியம் என்பது எல்லைக்கல் மாதிரி. முகமூடி, துப்பாக்கி, ‘இது எங்கள் இடம்’. 1998-இல் புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற அமைதி ஒப்பந்தம் வந்த பிறகும் அவை சுவரிலேயே இருந்தன. 2006-இல் கலை மன்றம் ஒரு திட்டம் கொண்டுவந்தது: மிரட்டும் படங்களை அந்தந்தத் தெரு மக்களோடு பேசி மாற்றுவது. ராத்திரியோடு ராத்திரியாகச் சுண்ணாம்பு அடித்துவிட முடியாது. அடித்தால் விடிவதற்குள் அதைவிட மோசமான ஒன்று வந்துவிடும்.

சாண்டி ரோ என்ற புராட்டஸ்டண்டுப் பகுதியின் சுவரில் பேர்போன ஒரு முகமூடிக்காரர் இருந்தார். 2012-இல் அவரை எடுத்துவிட்டு மன்னர் வில்லியமை வரைந்தார்கள். 1690-இல் போயின் சண்டையில் கத்தோலிக்க மன்னரைத் தோற்கடித்த அதே வில்லியம்! பக்கத்துத் தெருக்காரருக்கு இவரும் ஒன்றும் நண்பர் இல்லை. ஆனால் கையில் நவீனத் துப்பாக்கி இல்லை, முகம் தெரிகிறது. அதுவரைக்கும் வர முடிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இரு தரப்புக்கும் நடுவே எழுப்பிய ‘அமைதிச் சுவர்’களை 2023-க்குள் எடுத்துவிடுவோம் என்று அரசு சொன்னது. பல இன்னும் நிற்கின்றன.

இரு தரப்புக்கும் பொதுவான ஒருவரே கிடைக்கமாட்டாரா? போஸ்னியாவின் மோஸ்டார் நகரத்தில் தேடினார்கள். குரோயேஷியர் ஒரு பக்கம், போஸ்னிய முஸ்லிம்கள் ஒரு பக்கம். 1993-இல் பழைய கல் பாலமே குண்டில் விழுந்து, 2004-இல் திரும்பக் கட்டிய ஊர். அங்கே 2005-இல் வெண்கலத்தில் சிலை வைத்தார்கள், யாருக்கு? புரூஸ் லீக்கு. அவர் படத்தை எல்லாரும் பார்த்திருந்தார்களே! எந்தப் பக்கத்தையும் அடிக்க நிற்பது போல ஆகிவிடக் கூடாது என்று வடக்கு பார்த்து நிறுத்தினார்கள். சீக்கிரமே யாரோ சேதப்படுத்தி, பழுதுபார்க்க எடுத்துப் போனார்கள்.

(திரையில்: கிளிநொச்சி. சாம்பல் நிறக் கனசதுரம்.)

அப்புறம் இலங்கை. 2009-க்குப் பின் கிளிநொச்சியில் ஒரு நினைவுச் சின்னம் வந்தது. பெரிய கான்கிரீட் கட்டி, அதைத் துளைத்த குண்டு, விரிசல், மேலே ஒரு தாமரை. கட்டியது வென்ற தரப்பு. புலிகளின் கல்லறைகளான மாவீரர் துயிலும் இல்லங்கள் புல்டோசரால் தரைமட்டமாகின. 2021 ஜனவரி 8 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியையும் இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூன்றாம் நாள் அதைத் திரும்பக் கட்ட அடிக்கல் நாட்டப்பட்டது.

மக்களிடம் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-இல் நல்லிணக்கத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்க ஓர் ஆலோசனைச் செயலணி நாடெங்கும் போய், 7,000-க்கு மேற்பட்ட கருத்துகளைச் சேகரித்தது. 2017 ஜனவரியில் அறிக்கை வந்தது, அத்தோடு கிடப்பில் போனது.

அடுத்த மாதம், பிப்ரவரி 20 அன்று, கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதே போலப் போராட்டம் தொடங்கியது. பிள்ளைகளின் படங்கள், பெயர்கள், ஒரு கொட்டகை. எந்தக் கலை மன்றமும் அதற்குப் பணம் தரவில்லை, எந்தச் சிற்பியும் வடிவமைக்கவில்லை. தெருவில் போகிறவர் ஒரு கணம் நின்று அந்த முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது. பதில் வராமலே அந்தத் தாய்மாரில் பலர் இறந்துபோனார்கள்.